அவர் தொடாத ஃபைல்

எங்கள் மாடியறையில் வேலை பார்த்த இரண்டே கால் வருடத்தில் அவர் இன்னொருவர் நாற்காலியில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. என் கணினியில் எதையாவது பார்க்க வேண்டியிருந்தால் நின்றபடியேதான் பார்ப்பார். "உக்காருங்க மேடம், நான் டீக்குப் போறேன்" என்று நான் எழுந்து வழிவிட்டாலும், "பரவால்ல சார்" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையை எட்டிப் பார்ப்பார். மவுஸைத் தொடுவதற்கு முன் கேட்பார். பத்து நிமிடம் கழித்து மறுபடி தொட வேண்டியிருந்தால் மறுபடி கேட்பார். முதல் மாதம் அதை மரியாதை என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் திமிர் என்று நினைத்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்காமல் எடுத்தால் அவருக்குப் பிடிக்காது.

அது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடி. கீழே விற்பனை. மேலே, பட்டு நூல் மூட்டைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் போட்ட மூன்று மேசைகள். ஒன்று முதலாளியுடையது. பரம்பரைப் பட்டுக்காரர் என்றாலும் கம்ப்யூட்டர் படித்தவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம். கல்யாணப் புடவை ஆர்டர்களைக் கவனிக்க அவரே கைப்பட ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். யார் ஆர்டர் கொடுத்தது, எந்த நெசவாளர் தறியில் ஏறியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், எல்லாம் அதில் உண்டு. இரண்டாவது மேசை என்னுடையது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வண்டியில் வந்து போகிற டிப்ளமாக்காரன் நான். மூன்றாவது மேசை, அவர் வேலைக்கு வரும்வரை, என் ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையும் வைக்கிற இடமாக இருந்தது.

அந்த மென்பொருளின் நடுவில் ஒரு கிளாஸ் இருந்தது. ஒரு பொருளைப் பற்றிக் கணினிக்குத் தெரிய வேண்டிய எல்லாவற்றையும், அந்தப் பொருளை வைத்துச் செய்ய வேண்டிய எல்லா வேலைகளையும் ஒரே பெயரின் கீழ் எழுதிவைப்பதைத்தான் கிளாஸ் என்பார்கள். முதலாளி அதற்குப் 'புடவை' என்று பெயர் வைத்திருந்தார். ஐயாயிரத்துச் சொச்சம் வரி. ஒரே ஃபைல். நானும் முதலாளியும் அதை ஆளுக்கொரு பக்கம் திறந்துவைத்து எழுதுவோம். கடைசியாக யார் சேமிக்கிறாரோ அவர் எழுதியது நிற்கும்; மற்றவர் எழுதியது போய்விடும். காலை முழுக்க நான் உட்கார்ந்து எழுதியதை ஒரே தட்டலில் துடைத்துவிட்டு, "ஏம்பா, இன்னிக்கி நீ ஒண்ணுமே பண்ணலியா?" என்று முதலாளி என்னையே கேட்டிருக்கிறார். இதற்கெல்லாம் ஒழுங்கான ஏற்பாடுகள் உலகத்தில் அப்போதே இருந்தன. எங்கள் மாடிப்படி ஏறி அவை வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் வந்த மூன்றாவது வாரம் அந்த ஃபைலை மூன்றாகப் பிரித்தார். ஆர்டர் விவரமெல்லாம் ஒரு ஃபைல், தறி விவரமெல்லாம் ஒன்று, புடவையை வாடிக்கையாளர் கையில் சேர்க்கிற விவரமெல்லாம் ஒன்று. மூன்றின் தலையிலும் 'புடவை' என்ற அதே பெயர். அதற்கு முன்னால், இது முழுசில்லை, ஒரு பகுதி மட்டும்தான் என்று, நாம் எழுதியதைக் கணினியின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலருக்குச் சொல்கிற ஒரே ஒரு சொல். கம்பைலர் மூன்றையும் எடுத்து ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். ஓடும்போது ஒரே கிளாஸ்தான். எழுதும்போதுதான் மூன்று.

முதலாளிக்கு மனசே இல்லை. பெற்ற பிள்ளையைக் கூறு போட்டதுபோல முகம் சுண்டிப்போயிற்று. "ஒண்ணா இருந்தத இப்டி மூணா ஆக்கி வெச்சிருக்கியேமா?" என்றார்.

"நெய்யறப்ப ஒடம்பு தனி, கரை தனி, முந்தி தனின்னு தானங்க நெய்யறாங்க? கட்டிக்கினு போறப்ப யாருங்க மூணுன்னு சொல்றாங்க?" என்றார் அவர்.

பட்டுக்காரரிடம் அதற்கு மேல் என்ன பேச்சு? தறி ஃபைல் முதலாளிக்கு, ஆர்டர் ஃபைல் எனக்கு, டெலிவரி ஃபைல் தனக்கு என்று பாகப்பிரிவினை முடிந்தது. ஒவ்வொரு ஃபைலின் முதல் வரியிலும் 'இந்த ஃபைலுக்குப் பொறுப்பு:' என்று எழுதினார். தன் ஃபைலில் மட்டும் பெயரைப் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டிலும் காலியாக விட்டார். எங்கள் பெயரை நாங்கள்தான் போட வேண்டுமாம். முதலாளி அன்றைக்கே இனிஷியலோடு போட்டார். நான் நாளைக்குப் போடுகிறேன் என்றேன்.

அவர் ஊர் திருப்புட்குழிப் பக்கம். தினமும் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டில் அம்மா மட்டும், வாதநோயில் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பகலில் பார்த்துக்கொள்வார்கள், ஆறு மணிக்கு மேல் இவர்தான். அதனால்தான் அவருக்கு எங்கள் மாடி அவ்வளவு முக்கியம். அதைவிட நல்ல வேலைகள் ஸ்ரீபெரும்புதூரிலும் சென்னையிலும் கிடைத்தன. அவை எதுவும் ஆறு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விடாது.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். ஒரு பென்டிரைவ் வாங்கிவர நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலிருந்து பார்த்தால் ஒரே ஓட்டு வீடு. உள்ளே போனால் கூடத்தின் நடுவில் சுவர். "அந்தப் பக்கம் பெரியப்பா, பின்னாடி சித்தப்பா. கூரை ஒண்ணு தான், அடுப்பு மூணு" என்றார். நான் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா வீட்டு எலுமிச்சை மரத்திலிருந்து ஒரு பழம் இவர்கள் பக்கம் விழுந்து உருண்டது. காய்ச்சலோடு எழுந்துபோய், அதை எடுத்து, துடைத்து, மதில் மேல் வைத்துவிட்டு வந்தார். ஏற்கெனவே அங்கே நாலைந்து பழங்கள் வாடிக் கிடந்தன. அந்தப் பக்கத்துக்காரர்கள் எடுப்பதே இல்லை போலிருக்கிறது. "கஞ்சிக்கு ஊறுகாய்க்காவது ஆவுமே மேடம்?" என்றேன். "அவங்க மரம் சார்" என்றார்.

இந்தக் குணம் என்னைப் பல நாள் கடுப்படித்திருக்கிறது. என் ஆர்டர் ஃபைலில் ஒரு தவறு. ரசீதை அச்சடித்தால் இரண்டு இரண்டாக வரும். அவர் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். எந்த வரி, என்ன மாற்ற வேண்டும் என்பது வரைக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் திரையின் ஓரத்தில் ஒட்டினார். நான் சோம்பேறி. காகிதம் மூன்று வாரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே கடையில் ரசீதும் மூன்று வாரம் இரட்டை இரட்டையாக வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நிமிஷ வேல. பாத்த நீங்களே போட்டிருக்கலாமே?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"உங்க ஃபைலாச்சே சார். நான் கை வெச்சா, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீங்க என்னக் கேப்பீங்க, நான் உங்களக் கேப்பேன். யாரு பண்ணாங்கன்னே தெரியாமப் போயிடும்."

இப்போது அவர் சொன்ன அந்த வார்த்தையை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

புடவை கிளாஸை அவர்தான் பிரித்தார். ஆனால் பிறக்கும்போதே இரண்டாகப் பிறக்கிற கிளாஸ்களும் உண்டு. திரையில் தெரிகிற ஒவ்வொரு ஃபார்முக்கும் இரண்டு ஃபைல். ஒரு பாதியை நாம் எழுதுவோம். பொத்தான் எங்கே, தேதிப் பெட்டி எங்கே என்கிற மறு பாதியை டிசைனர் என்கிற கருவி தானாக எழுதிக்கொள்ளும். திரையில் நாம் எதையாவது லேசாக நகர்த்தினால் போதும், அது தன் பாதியை மறுபடியும் எழுதும். அதற்குள் யாராவது கையால் எழுதி வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் போய்விடும். யாரையும் கேட்காது. "அந்த ஃபைல்ல மட்டும் யாரும் எழுதாதீங்க சார்" என்று அவர் வந்த நாளிலேயே சொல்லியிருந்தார்.

கல்யாணத் தேதி மாறினால் நெசவாளரின் கைபேசிக்குத் தானாகச் செய்தி போக வேண்டும் என்று முதலாளி ஒருநாள் கேட்டார். மொத்தம் ஐந்து வரி. ஒழுங்காக என் ஆர்டர் ஃபைலில் எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். எதிரே திறந்து கிடந்தது டிசைனர் ஃபைல். தேதிப் பெட்டி அதில்தான் இருந்தது. அங்கேயே எழுதினேன். வேலை செய்தது. நான்கு மாதம் வேலை செய்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை முதலாளி, "பட்டன்லாம் சின்னதா இருக்குதுபா, கண்ணே தெரியல, பெருசு பண்ணு" என்றார். பெரிதாக்கினேன். கருவி தன் பாதியைத் திருப்பி எழுதிக்கொண்டது. என் ஐந்து வரி போயிற்று. அந்த வரிகள் இல்லாததால் எதுவும் உடையவில்லை, எந்தப் பிழையும் காட்டவில்லை. செய்தி போகாதது மட்டும்தான் குறை, போகாத செய்தியை யார் பார்ப்பது?

அடுத்த வாரம் ஓர் அம்மா போன் செய்தார். மாப்பிள்ளைக்கு லீவு குறைந்துவிட்டதால் கல்யாணம் பன்னிரண்டு நாள் முன்னால் வந்துவிட்டது என்றார். நானே புதுத் தேதியைப் போட்டேன். திரை ஏற்றுக்கொண்டது. ஓரிக்கையில் தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளருக்கு எதுவும் போகவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த அம்மா புடவை வாங்கக் கடைக்கு வந்தார். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. உடம்பு முடிந்து, முந்தி இன்னும் முக்கால் முழம் நெய்யாமல் தறியிலேயே இருந்தது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொண்ணு கலர் பாத்து பாத்து சொன்னாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்த வேறொரு புடவையை எடுத்துக்கொண்டு போனார். அதைத்தான் கட்டிக்கொண்டு அந்தப் பெண் மணையில் உட்கார்ந்தாள். அரக்குப் புடவை கல்யாணத்துக்கு மறுநாள் வந்தது. வாங்கிப்போக யாரும் வரவில்லை.

அன்று அந்த அம்மாவை வழியனுப்பப் போன முதலாளி கீழேயே நின்றுகொண்டிருந்தார். மாடியில் நானும் அவரும் மட்டும்தான். அவர் வெள்ளிக்கிழமைதோறும் எல்லா ஃபைலையும் பென்டிரைவில் நகலெடுத்து வைப்பவர். தன் மேசையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், பட்டன் பெருசு பண்றதுக்கு முந்தின வெள்ளிக்கெழம காப்பில, டிசைனர் ஃபைல்ல அஞ்சு வரி இருக்குது. இப்ப இல்ல."

நான் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"ஐயா வந்தா நீங்க சொல்லிடுங்க சார்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

முதலாளி மேலே வந்தபோது என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அவரிடம் போனார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் இல்லமா? ஒண்ணா இருந்துச்சி, நல்லா இருந்துச்சி. மூணாப் பிரிச்ச. ஒடம்பும் முந்தியும் சேர்ற எடத்துல பெட்னி சரியா விழலன்னா புடவையே கிழிஞ்சி ரெண்டாப் போவும். இப்ப அதான் ஆயிருக்குது. எந்த ஃபைல்ல இருந்து எது தொலஞ்சிச்சின்னு உனக்காச்சும் தெரியுமா?"

அவருக்குத் தெரியும். பென்டிரைவ் அவர் கைக்குப் பக்கத்தில், மேசை மேல் இருந்தது. "பிரிச்சது நான் தாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு காத்திருந்தார். அது எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை; என் மேசையில் இருந்த டீயில் ஆடை படிகிற அளவு நேரம். அவர் கொடுத்த அந்த நேரம் முழுக்க நான் திரையில் பெரிதாக்கிய பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் என்று பின்னால் எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம்.

"மாசக் கடைசியோட நின்னுக்கமா. அது வரைக்கும் புதுசா எதுவும் எழுத வேணாம்" என்றார் முதலாளி.

"சரிங்க" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் படியில் அவர் பின்னாலேயே இறங்கி, "நீங்க சொல்லியிருக்கலாமே மேடம்?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் நான் கேட்ட மோசமான கேள்வி அதுதான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "அது நீங்க சொல்ல வேண்டியது சார்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.

அதன் பிறகு ஊரிலேயே இரண்டு கடைகளில் அவர் வேலை கேட்டிருக்கிறார். அவர்கள் எங்கள் முதலாளிக்குப் போன் செய்து விசாரித்தார்கள். "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டுக் கெடுத்துடும்" என்று முதலாளி சொன்னதை என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டேன், இரண்டு தடவையும். ஊரில் வேலை கிடைக்காமல் அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்குப் போனார். அம்மாவுக்கு ஆள் வைத்திருப்பதாகவும், வீடு திரும்ப ஒன்பது மணி ஆவதாகவும் கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் அவருடைய அம்மா இறந்துபோனதும் தெரிந்தது. துக்கத்துக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அந்த ஐந்து வரியை நான் மறுபடி எழுதவில்லை. எழுதினால் முன்னால் எங்கே இருந்தது என்ற கேள்வி வரும். மாடியில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். தேதி மாறினால் அதில் கையால் எழுதுவேன், நெசவாளருக்கு நானே போன் செய்வேன். ஆறு வருடம் இப்படியே ஓடியது. அவருடைய டெலிவரி ஃபைலில் வேலை வந்தால், வேண்டிய வரியைத் தேடி, அதை மட்டும் தொட்டுவிட்டு மூடிவிடுவேன். முழுதாக ஒருநாளும் படித்ததில்லை.

இந்த வருடம் முதலாளி எல்லாவற்றையும் புது மென்பொருளுக்கு மாற்றச் சொன்னார். அதற்காகப் பழைய ஃபைல்கள் மூன்றையும் மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டியதாயிற்று. அவர் ஃபைலின் அடியில், அவர் வேலையைவிட்டு நின்ற கடைசி வாரத்துத் தேதி போட்டு, ஒரு வரி இருந்தது. தேதி மாறும்போது கூப்பிட வேண்டிய ஒரு வேலையின் பெயர் மட்டும்; அதைக் கூப்பிடுகிற வரி அதே ஃபைலில் கொஞ்சம் மேலே. உள்ளே ஒன்றும் இல்லை. அதன் மேல் தமிழில் ஒரு குறிப்பு: 'நெசவாளருக்குச் செய்தி. ஆர்டர் ஃபைலில் எழுதப்படும்.'

ஒரு கிளாஸைப் பிரித்து எழுதும்போது இப்படி ஒரு வசதி உண்டு. ஒரு ஃபைலில் பெயரை மட்டும் சொல்லி இடம் விடலாம். இன்னொரு ஃபைல்காரர் வந்து உள்ளே எழுதலாம். எழுதினால் ஓடும். யாருமே எழுதாவிட்டால் கம்பைலர் குறை சொல்லாது. கூப்பிட்ட வரியையும் சேர்த்து எடுத்துவிட்டு, எதுவுமே நடக்காததுபோல மேலே போகும். ஆறு வருடமாக அந்த வரி தினமும் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. தினமும் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்கு முதலாளி முன்னால் டீ ஆறுகிற நேரம் வரை அவர் காத்திருந்ததும் இதேதான் என்று அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

என் ஆர்டர் ஃபைலைத் திறந்து அந்த ஐந்து வரியை எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன், என் கைபேசிக்கே செய்தி வந்தது. பிறகு முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"ரெண்டு கடைக்காரன்கிட்ட அந்தப் பொண்ண நான் இன்னா சொன்னேன் தெரியுமாபா?"

"தெரியுங்க. கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? போய் அதுகிட்ட சொல்லு" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

படியில் இறங்கி நின்று போன் செய்தேன். நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்தேன், கொஞ்சம் ஆசையாகவே. "சொல்லுங்க சார்" என்றார். ஆறு வருடம் கழித்தும் என் நம்பரை அழிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. ஐயாவிடமும் சொல்லிவிட்டேன் என்று முடித்தேன்.

"அந்த வரிங்கள இப்ப எங்க எழுதுனீங்க?"

"ஆர்டர் ஃபைல்ல, மேடம்."

"மேல பேர் போட்டீங்களா சார்?"

'இந்த ஃபைலுக்குப் பொறுப்பு:' என்ற வரி அதுவரை காலியாகவே இருந்தது. அன்று காலை அந்த ஐந்து வரியை எழுதுவதற்கு முன்னால் முதலில் அதைத்தான் நிரப்பியிருந்தேன். "போட்டேன் மேடம்" என்றேன்.

"அப்ப சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று நானும் கேட்கவில்லை. அது அவர் பங்கு.